இரண்டு ஆறு தாண்டி

டைகர் காணாமல் போன மறுநாள் காலை, பரணிதரன் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றான்.

“வா, நானும் வர்றேன். நீ அதை எங்கெங்க கூட்டிட்டுப் போவியோ, அங்கெல்லாம் போய்ப் பார்த்துட்டு வருவோம்.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவன் வானதியோடு நடப்பதற்கென்று வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நாயின் கழுத்துப் பட்டையும் சங்கிலியும் கம்பிக்கதவில் தொங்கிக்கொண்டிருந்தன. பட்டையைத் தானே கழற்றி வைத்துவிட்டு எந்த நாயும் ஓடாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே ஓரமாக வைத்துவிட்டாள். அந்த வீட்டில் பல விஷயங்களை அவள் அப்படித்தான் வைத்திருந்தாள். சங்கிலியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். கிடைத்தால் கட்டி அழைத்து வர வேண்டுமே என்று அவனிடம் சொன்னாள். உண்மையில், அது கையில் இல்லாமல் தெருவில் இறங்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நாயே அவன் சொல்லி வந்ததுதான். அவன் தோஹாவில் இருந்தபோது சீனிவாசபுரத்தில், இவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், பட்டப்பகலில் திருட்டுப் போனது. மகள் கோயம்புத்தூரில் பள்ளி விடுதியில் இருந்தாள். வீட்டில் வானதியும் மாமியார் நாகம்மாளும் மட்டும். “ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கீங்க, ஒரு நாயை வாங்கிக் கட்டுங்க” என்று போனில் சொன்னான். பெயரையும் போனிலேயே வைத்தான். வந்தது செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டுக் குட்டி. பெயருக்கு ஏற்றபடி அது ஒருநாளும் நடந்துகொள்ளவில்லை. சிலிண்டர் கொண்டு வருகிறவரின் கையை நக்கியது. இடி இடித்தால் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கட்டியே கிடந்து அதன் தோலெல்லாம் புண்ணானபோது, ஒரத்தநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த இளம் கால்நடை டாக்டர் பார்த்தார். “தினமும் நடக்க வைங்க மேடம். இப்படியே கட்டிப் போட்டா பைத்தியம் பிடிச்சிரும்” என்றார். அவர் நாயைப் பற்றித்தான் சொன்னார்.

அதுவரை வானதி வெளியே போக ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. காய்கறி, ரேஷன், கோயில், யார் வீட்டிலாவது விசேஷம். காரணம் முடிந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும். சும்மா நடந்து வருகிறேன் என்று சொல்லும் பெண்ணை எதிர்வீட்டில்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாய் வந்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கிலியின் மறுமுனையில் ஓர் உயிர் இழுத்துக்கொண்டு போனால், பின்னால் போகிற பெண்ணுக்கு அது வேலை. இது அவளுக்குப் புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நாயை அவள் நேசித்தாளா, அது வாங்கிக் கொடுத்த தெருக்களை நேசித்தாளா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“எங்க வரைக்கும் போற?” என்று தோஹாவிலிருந்து கேட்பான்.

“தெருக்கோடி வரைக்கும்தாங்க.”

அந்தத் தெருக்கோடி மாதாமாதம் நீண்டுகொண்டே போனது.

இப்போது அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். “நான்தான் வந்துட்டேனே, இனிமே காவலுக்கு நாய் எதுக்கு?” என்று சாப்பிடும்போது ஒருநாள் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதும் உயர்த்துவதில்லை.

மேலவாசல் அகழியோரமாக இருவரும் நடந்தார்கள். “இங்கதான் முதல்ல நிக்கும்” என்று கோட்டைச் சுவரின் ஒரு கல்லைக் காட்டினாள். சுவரில் அரசமரம் வேர் விட்டுக் கற்களைப் பிளந்திருந்தது. அகழிக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், “ஏம்மா, செவப்பன் எங்க?” என்று கேட்டார். அவர் அதை அப்படித்தான் கூப்பிடுவார். காணோம் என்று வானதி சொன்னாள். பரணிதரன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “தெனமும் வருவாங்களா?” என்று கேட்டான்.

“மழை பேஞ்சாக்கூட கொடையப் புடிச்சிக்கிட்டு வந்துருவாங்க தம்பி.”

மேல வீதி வழியாக வடக்கு வாசல் போய், அங்கிருந்து ராஜாகோரிக்குப் போனார்கள். ராஜாக்களையும் அவர்கள் பெண்டாட்டிகளையும் எரித்து, அதன்மேல் சின்னச் சின்னக் கோயில் மாதிரிக் கட்டி வைத்திருக்கிற இடம். ஒரு சமாதியின் நிழலைக் காட்டி, “இங்க வந்து படுத்துக்கும், நானும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்” என்றாள்.

“சுடுகாட்டுலயா?”

“காலைல யாருமே இருக்க மாட்டாங்க.”

“யாருமே இருக்க மாட்டாங்க” என்று அவன் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னான்.

அவளுக்கு அது உறைக்கவில்லை. நாய் காணாமல் போன துக்கத்துக்கு அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டிருந்தது. வடவாற்றுப் பாலத்தில் எந்த இடத்தில் நின்றால் காற்று வரும், கரந்தையில் சமணர் கோயில் எந்தச் சந்துக்குள் இருக்கிறது, கருணாசாமி கோயில் குளத்தில் எந்தப் படியில் நாய் இறங்கித் தண்ணீர் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். இவ்வளவு நேரம் அவள் பேச்சை அவன் கேட்டதே இல்லை. இது தன்னுடைய ஊர், வா, சுற்றிக் காட்டுகிறேன் என்பது போல அவள் நடை வேகமானது. டைகர் எங்கேயோ பசியோடு அலையும்போது தனக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று இடையில் ஒரு நொடி நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த சந்தைக் காட்டினாள்.

கரந்தையில் ரசியா பேகத்தின் ஆப்பக்கடை. ஓரம் கருகின ஆப்பத்தை நாய்க்கென்று எடுத்து வைக்கிறவள். தூரத்தில் வரும்போதே சத்தம் போட்டாள்.

“என்ன தங்கச்சி, இன்னிக்கு டைகரை விட்டுட்டு வேற யாரையோ புடிச்சிட்டு வந்திருக்கே? இது கடிக்குமா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வானதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சங்கிலி கையில் இருந்ததுதான் அதற்குக் காரணம். “அக்கா, இவங்க எங்க வீட்டுக்காரங்க” என்று அவசரமாகச் சொன்னாள்.

“அய்யய்யோ, மன்னிச்சிருங்கண்ணே. வாய் சும்மா இருக்காது எனக்கு. உக்காருங்க, ஆப்பம் சாப்பிடுங்க. உங்க வீட்டம்மாவை இந்தப் பக்கம் தெரியாத ஆளே கிடையாது. நாய்க்காரம்மான்னா சின்னப் புள்ளகூட வழி காட்டும்.”

“கடிக்க மாட்டேன், பயப்படாதீங்க” என்று பரணிதரனும் சிரித்தான். ஆப்பத்தை ரசித்துச் சாப்பிட்டான்.

அதற்கப்பால் பள்ளியக்ரகாரம். வெண்ணாற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் வானதி நின்றுவிட்டாள்.

“அந்தாண்ட?” என்றான்.

“போனதில்லங்க. இதோட திரும்பிருவேன்.”

“ஒருநாள்கூட?”

“ஒருநாள்கூட.”

அது உண்மை. பாலத்தின் முனையில் ஒவ்வொரு தடவையும் டைகர் இழுக்கும்; அவள் பிடித்து நிறுத்துவாள். அக்கரையில் திருவையாற்றுச் சாலை வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். ஊருக்குள் நடந்தால் அது நடை. ஆற்றைத் தாண்டிவிட்டால் எங்கேயோ போகிறோம் என்று ஆகிவிடும். எங்கே என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

“அப்ப சரி” என்றான் பரணிதரன். அவன் முகம் தெளிந்துவிட்டது. திரும்பும் வழியில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அன்றிரவு அவள், இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று யோசித்தபடியே தூங்கிப்போனாள்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் நாகம்மாள் வாசலிலிருந்து கத்தினாள். வானதி ஓடி வந்தாள். கேட்டுக்கு வெளியே டைகர் நின்றுகொண்டிருந்தது. ஒரு காது கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. நான்கு பாதங்களும் வெந்து தோல் உரிந்திருந்தன. பின்னங்காலில் சணல் கயிறு ஒன்று சுற்றி இறுகியிருந்தது.

கேட்டைத் திறந்ததும் அது வானதியைத் தாண்டிப் போனது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பரணிதரனிடம் போய், வயிறு தரையில் தேய, வாலை ஆட்டிக்கொண்டு அவன் காலை நக்கியது.

“ஏண்டா தம்பி, அம்மன்பேட்டைக்கு அந்தாண்டதானே விட்டேன்னு சொன்னே?” என்றாள் நாகம்மாள். சொன்ன பிறகுதான் மருமகளைப் பார்த்தாள். பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. “சாக்கைச் சுத்தி விட்டியா இல்லையா?”

“சுத்தினேம்மா. கரந்தையில வண்டியை நிறுத்தி, இறக்கி வெச்சு, நல்லா சுத்தித்தான் ஏத்தினேன்.”

வானதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. நாகம்மாளின் ஊரில் வேண்டாத பூனையையும் நாயையும் அப்படித்தான் விடுவார்கள். நெல்லுச் சாக்கில் போட்டுக் கட்டி, திசை மறக்கும்படி சுற்றி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் அவிழ்த்து விடுவது. தன் காலால் தாண்டிப் பழகாத ஆற்றை நாய் திரும்பத் தாண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் சந்து சந்தாகக் கூப்பிட்டுக்கொண்டு நடந்த அன்று, பக்கத்திலேயே நடந்து வந்தவனுக்கு நாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

“நீங்களா?” என்று மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது.

“அதை விடு” என்றான் பரணிதரன். “ரெண்டு ஆறு தாண்டி விட்டேன். வடவாறு சரி, நீதான் தெனமும் தாண்டுறியே. வெண்ணாத்தை எப்படித் தாண்டுச்சு?”

“எனக்கென்ன தெரியும்?”

“பாலத்துக்கு அந்தாண்ட போனதில்லைன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னே.”

“எங்க ஊர்ல இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடத் திரும்பினதில்ல” என்றாள் நாகம்மாள். “பழக்கி வெச்சிருந்தா வராம என்ன செய்யும்? நாய் பொய் சொல்லுமா?”

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் நடந்ததும்கூட. வானதி குனிந்து நாயின் பாதத்தைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது. மூன்று வருஷமாகப் பாலத்தின் முனையில் நின்று அவள் திரும்பிய வழி. இடிக்குப் பயந்து குளியலறையில் ஒளிகிற நாய், தன்னந்தனியாக அதைத் தாண்டி வந்திருந்தது. அவளுக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. பொறாமை. போகாத இடத்துக்குப் போனதாகக் குற்றம் சாட்டுகிறார்களே என்ற ஆத்திரத்தைவிட, போயிருக்கலாமே என்ற எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

“ஆமா. போயிருக்கேன்” என்றாள்.

“யாரோட?”

“டைகரோட.”

“வேற யாரோட?”

“டைகரோடதான்.”

அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. கேட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி அவன் பாக்கெட்டில் இருந்தது. நாயின் பாதங்களுக்கு அவள் மருந்து போட்டதை அவன் தடுக்கவில்லை. “நல்லா போடு, ஆறட்டும்” என்றான். கீழே வைக்காமல் தூக்கி வைத்திருந்த காலை நாய் ஊன்றி நடக்கத் தொடங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

“வானதி, நீயும் வா. நீ நடக்காத இடமா நீயே ஒண்ணு சொல்லு. அங்க விட்டுருவோம். வரலைன்னா வேதாரண்யம் வரைக்கும் கொண்டுபோய் உப்பளத்துல விடுவேன். உன் இஷ்டம்.”

கூடப் போனால் இடமாவது தெரியும், பிறகு எப்படியாவது போய்த் தேடிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, “நான் கூப்பிட்டா வர மாட்டேங்குது. உன் பேச்சைத்தான் கேக்கும். நீயே உள்ள விடு” என்றான். டைகர் சாக்கைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்று ஒன்றுக்குப் போய்விட்டது. “போடா கண்ணு, ஒண்ணும் இல்ல” என்றாள். தன் குரல் அவ்வளவு இயல்பாக வந்ததை அவளே கேட்டாள். பிஸ்கெட்டைச் சாக்குக்குள் போட்டாள். நாய் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனது.

வண்டி தெற்கே போனது. டிக்கியில் நகம் பிராண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருபுறமும் சம்பா நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடித்திருந்தன.

“சூரக்கோட்டை” என்றான். “இங்க வந்திருக்கியா?”

இல்லை என்றால் வண்டி நின்றுவிடும். ஆமாம் என்றால் ஓடும். ஓடுகிற வரைக்கும் நாய் வண்டிக்குள் இருக்கும். அந்த விளையாட்டு அவளுக்கு உடனே பிடிபட்டது.

“வந்திருக்கேன்.”

“நடந்து?”

“நடந்துதான்.”

கொஞ்ச தூரம் போய், “மேல உளூர்?” என்றான்.

“வந்திருக்கேன்.”

“பரவாயில்லையே. காலைல கிளம்பி, எனக்கு வீடியோ கால்ல வர்றதுக்குள்ள திரும்பிருவியா?”

“வேகமா நடப்பேன்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிடுவாள் போலிருந்தது. பொய் சொல்வது இவ்வளவு லேசானது என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஊராக அவன் பெயர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக அவளுக்குச் சொந்தமானது. குளக்கரையில் ஒரு புளியமரத்தைப் பார்த்து, “அதுக்கடியில உக்காந்து தண்ணி குடிச்சோம்” என்று கேட்காமலேயே சொன்னாள். சொன்னபோது அந்த நிழலின் குளிர்ச்சி அவள் முதுகில் பட்டது.

ஒரத்தநாடும் போய்விட்டது. கடைவீதியைத் தாண்டிய பிறகு அவன் பிரதான சாலையிலிருந்து ஒரு கப்பிச் சாலைக்குத் திருப்பினான். வாய்க்கால் கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தினான். அக்கம்பக்கத்தில் வீடு எதுவும் இல்லை.

“இங்க?”

“இங்கயும்தான்.”

“சரி” என்று இறங்கினான். டிக்கியைத் திறந்து சாக்கை இழுத்துப் போட்டு, பிளேடால் கயிற்றை அறுத்தான். டைகர் வெளியே வந்து தள்ளாடியது. ஒரு புதரை மோந்து பார்த்தது. அவன் சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தான்.

“இறங்கு.”

“எதுக்கு?”

“நடந்த வழிதானே. நாய்க்கே தெரியும்போது உனக்குத் தெரியாதா? ரெண்டு பேருமா நடந்து வாங்க.”

“விளையாடாதீங்க.”

“நான் எங்க விளையாடுறேன்? இவ்வளவு நேரம் விளையாடினது நீ.” கையைப் பிடித்து இறக்கினான். வலிக்கும்படி பிடிக்கவில்லை. “ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் எங்கயும் போனதில்ல, சொன்னதெல்லாம் பொய்னு சொல்லு. நீ ஏறிக்க. நாய் இங்க இருக்கட்டும். அவ்வளவுதான்.”

அவள் போன் வண்டிக்குள் சார்ஜரில் கிடந்தது. காலில் வீட்டுச் செருப்பு. டைகர் திரும்பி வந்து அவள் பாதத்தை மோந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தது.

வானதி வாயைத் திறந்தாள். சொல்வதற்குத்தான் திறந்தாள் என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. ‘போனதில்ல’ என்ற சொல் தொண்டையில் தயாராக இருந்தது. இன்னும் கொஞ்சம் அவன் காத்திருந்தால் வந்திருக்கும். அல்லது வந்திருக்காது. அவன் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனான்.

டைகர் வண்டியின் பின்னால் ஓடியது. நொண்டிக்கொண்டு, புழுதிக்குள், குரைக்காமல் ஓடியது. தானும் ஓடிக்கொண்டிருப்பதை வானதி ஒரு செருப்பு கழன்ற பிறகுதான் கவனித்தாள். இருவரும் ஒரே வண்டியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றாள். அவமானம் முகத்தைச் சுட்டது. யாரும் பார்க்கவில்லை. தானே பார்த்துவிட்டதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவன் நிறுத்தியிருந்தால் ஏறியிருப்பாள். நாயைத் திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி நடந்து செருப்பை எடுத்து மாட்டினாள். சாக்குக்குப் பக்கத்தில் கயிறு கிடந்தது. சங்கிலிக்குப் பதிலாக இருக்கட்டும் என்று கையில் எடுத்தாள். அதைப் பார்த்ததும், மூச்சிரைத்தபடி திரும்பி வந்துகொண்டிருந்த டைகர் நடுங்கிப் பின்வாங்கியது. அவளைப் பார்த்தும்தான் நடுங்கியது; பிஸ்கெட் போட்ட கை அது. கயிற்றை வாய்க்காலில் எறிந்தாள். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிற புது ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற தண்ணீர்தான் இது. தண்ணீருக்கு எதிராக நடந்தால் ஊர் வந்துவிடும்.

மொபெட்டில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

“எந்த ஊரும்மா? இங்க என்ன பண்றீங்க?”

“தஞ்சாவூருங்க. நடந்து போறோம்.”

“தஞ்சாவூருக்கா? வெயில்லயா?” நாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்த மூட்டையை எறக்கிட்டு வந்துர்றேன், ஏறிக்குங்க. ஒரத்தநாட்டுல பஸ் ஏத்தி விடுறேன். நாயை பஸ்ல ஏத்த மாட்டாங்க. அது கெடக்கட்டும், எங்கயாவது பொழச்சிக்கும்.”

“வேணாங்க. வழி தெரியும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால், இத்தனை தூரமும் அவள் நடந்து பழகியவள்தான் என்று அந்த வீட்டில் முடிவாகிவிடும். போகாவிட்டால் போக வேறு இடமில்லை. டைகர் அதற்குள் முன்னால் போயிருந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு ஆறாத பாதங்களை ஊன்றி, வண்டி போன திசையில் நடக்கத் தொடங்கியது. வீட்டைத் தேடித்தான் நடக்கிறது. கேட் திறந்ததும் அது முதலில் யார் காலடியில் போய் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டே அதன் பின்னால் நடந்தாள்.